கேட்கக் கூடாத மூன்று

பசிக்குதா, குளிருதா, நோகுதா. இந்த மூன்றையும் கேட்கக் கூடாது. வானொலிப் பெட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டிய ஒரு தகட்டில் ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் என்று மூன்று மொழியிலும் பொறித்து வைத்திருக்கிறார்கள். தமிழில் இல்லை. தமிழன் ஒருவன் இந்த உயரத்தில் குசினி நடத்துவான் என்று மீட்புச் சங்கத்துக்காரர் கனவு கண்டிருக்கவா போகிறார்கள்?

என் பெயர் பகீரதன். சுவிஸ்காரருக்குப் ‘பகி’. மூவாயிரத்து இருநூறு மீற்றர் உயரத்தில் நிற்கும் ஸ்வார்ஸ்யோக் குடிலின் காவலன், சமையல்காரன், கக்கூசு கழுவுகிறவன் எல்லாம் நான்தான். கோடையில் மூன்று மாதம் இங்கே. மிச்ச நாள் கீழே ஏதாவதொரு ஹோட்டல் குசினி. சும்மா உலாத்த வருகிறவர்கள் இந்தக் குடிலை எட்டிப் பார்க்க முடியாது. கடைசி ஊரிலிருந்து ஏழு மணித்தியால நடை. அதில் இரண்டு மணித்தியாலம் பனியாற்றின் மேல். முடிவில் பாறையில் அடித்த இரும்பு ஏணி. வருகிறவர்கள் எல்லாரும் பழகின மலையேறிகள். மலையில் சாகிறதும் பழகினவர்கள்தான். பழகாதவன் பயந்து பாதியிலேயே திரும்பிவிடுவான்.

போன ஆகஸ்ட் இரண்டாம் கிழமை, பின்னேரம் நாலு மணியிருக்கும். மறுநாள் பின்னேரம் மேகம் இறங்கும் என்று அறிவிப்பு வந்ததால் மற்ற ஏறிகள் எல்லாம் காலையிலேயே இறங்கிவிட்டார்கள். அப்பாடா, இன்றைக்காவது காலை நீட்டலாம் என்று வாசலில் குந்தியிருந்தேன். ஏணிக்கு மேலே ஒரு சிவப்புத் தலைக்கவசம் தெரிந்தது. அதற்குப் பின்னால் வேறு தலை வரவில்லை. தனியாக வருகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கயிற்றின் மறுமுனையில் ஆளில்லாமல் பனியாறு தாண்டுகிறவருக்கு மண்டையில் ஏதோ கழன்றிருக்க வேண்டும். ஜெர்மனில் நன்றாக ஏசுவதற்கு வாயைத் திறந்தேன். வந்தவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். காதில் சின்னத் தோடு. நெற்றியில் வேர்வையில் பாதி அழிந்த திருநீறு.

“நீங்கள் தமிழோ?” என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

பதினொரு கோடையில் ஒரு தமிழ் முகம் அந்த ஏணியால் ஏறி வந்ததில்லை. எனக்குச் சந்தோசம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும், அது என் குணம்.

“உனக்கென்ன விசரே பிள்ளை? தமிழ்ப்பிள்ளை செய்யிற வேலையே இது? படிச்சனியோ இல்லையோ?”

“படிச்சுத்தான் இருக்கிறன் அங்கிள். தூன்ல பல்லுச் செய்யிற இடத்தில வேலை.” சிரித்துக்கொண்டே முதுகுப் பையை இறக்கினாள். “நீங்களும் தமிழ்தானே? நீங்கள் என்ன செய்யிறியள் இஞ்ச?”

“நான் ஏறேல்லை. ஹெலிகொப்டர்தான் கொண்டுவந்து போட்டது. அரிசி மூட்டையோட ஒரு மூட்டையா.”

பெயர் மிதுரா. இருபத்தேழு வயது. தகப்பன் சின்ன வயதிலேயே போய்விட்டார். தாய் முதியோர் இல்லமொன்றில் துணி தோய்க்கும் பகுதியில் வேலை. மிதுராவின் தமிழில் அங்கங்கே ஜெர்மன் முள் குத்தினாலும் வாய் ஓயவில்லை. இதற்கு முன் பதினாறு பெரிய மலைகள் ஏறியிருக்கிறாளாம். அதில் ஒன்பது தனியாக.

“அம்மாவுக்குத் தெரியுமோ?”

“அம்மாவைப் பொறுத்தவரை நான் இப்ப லுகானோவில ஒரு கலியாணவீட்டில நிக்கிறன். பட்டுச்சீலையும் கொண்டந்தனான். கார் டிக்கியில கிடக்கு.”

“நாசமாப் போச்சு,” என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அடுப்பில் சோறு வைத்தேன். இந்த உயரத்தில் தண்ணீர் போதிய அளவு சூடாவதற்கு முன்னரே கொதித்துவிடும், சும்மா பானையில் சோறு வேகாது. அதற்காகவே என் சொந்தப் பிரஷர் குக்கரை மூன்று வருடத்துக்கு முன் ஹெலியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். சுவிஸ்காரருக்கு நான் பட்டாணிச் சூப்பும் உருளைக்கிழங்கும்தான் கொடுப்பது. அரிசியும் பருப்பும் என் அம்மா அனுப்பும் மிளகாய்த்தூளும் எனக்கு மட்டும். அன்றைக்கு இரண்டு பேருக்குப் போட்டேன்.

சாப்பாட்டுக்கு முன் தலைப்பட்டி போட வேண்டும், அது விதி. பட்டியைக் கையில் எடுத்ததும் மிதுரா ஒரு மாதிரிப் பார்த்தாள்.

“இதைப் போடாட்டிப் படுக்க விடமாட்டீங்களோ?”

“படுக்க விடுவன். ஏற விடமாட்டன். மூண்டு வருசமா உயரக் குடில் எல்லாத்திலயும் இதுதான் சட்டம்.”

“என்ன செய்யும்?”

“இருபது நிமிசம் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில படுத்திருக்க வேணும். இந்த நேரத்தில நீ எப்பிடி இருக்கிறாய், என்ன தெரிஞ்சு வைச்சிருக்கிறாய், மனசுக்குள்ள என்ன திட்டம் போடுறாய், எல்லாத்தையும் அப்பிடியே ஒரு பிரதி எடுக்கும். நாளைக்கு நீ சொன்ன நேரத்துக்கு வந்திட்டால் அதைத் திறக்காமலே அழிப்பன். வராட்டி எழுப்புவன்.”

“எழுப்பி?”

“நாளைக்கு எந்தப் பக்கத்தால போகப்போறாய் எண்டு சும்மா கதைகொடுத்துக் கேட்பன். அது இன்னும் கண்ணைக் கட்டிக்கொண்டு கட்டிலில கிடக்கிறதா நினைச்சுப் பதில் சொல்லும். பன்னிரண்டு நிமிசம்தான் அப்பிடி ஏமாத்தலாம், பிறகு அதுக்கே விளங்கிடும். அதை வைச்சு ஹெலி தேடப் போகும்.”

“அதுக்குத்தானே குடில் புத்தகம் இருக்கு?”

“புத்தகமோ!” என்றேன். “அதில பாதி பொய்.”

உண்மையைத்தான் சொன்னேன். எந்தக் குடிலிலும் ஒரு புத்தகம் இருக்கும். பெயர், வந்த வழி, போகும் வழி, திரும்பும் நேரம். நூறு வருடத்துக்கும் மேலான வழக்கம் அது. ஆனால் காவலன் கூடாது என்று சொன்ன வழியை எந்த ஏறியும் அதில் எழுத மாட்டான். எனக்குப் பிடித்த வழியை எழுதிவிட்டு, தனக்குப் பிடித்த வழியால் போவான். ஆள் வராமல் போனால் நாங்கள் புத்தகத்தை நம்பி வேறொரு பக்கத்தில் தேடிக்கொண்டிருப்போம். அப்படி எத்தனையோ பேர் போனபிறகுதான் இந்தக் கருவி வந்தது. நான் அதுவரை ஆறு பிரதிகளை எழுப்பியிருந்தேன். நாலு பேர் உயிரோடு கிடைத்தார்கள். எழுப்பப்பட்ட ஆறும் காவலனிடம் மறைத்ததைக் கொஞ்சம் வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லிவிட்டன.

“பிறகு அந்தப் பிரதிக்கு என்ன நடக்கும்?” மிதுரா விடுகிற மாதிரி இல்லை.

“ஆளை உயிரோட எடுத்தால் ஒரு மணித்தியாலத்துக்குள்ள அழிச்சுப்போட வேணும். ஒருத்தர் ரெண்டு பேரா இருக்க ஏலாது. ஆள் செத்திட்டால், வீட்டாக்கள் விரும்பினால் கொண்டுபோய் வைச்சிருக்கலாம்.”

“அப்ப நான் செத்தால்தான் அதுக்கு வாழ்வு,” என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள்.

“வாயைக் கழுவு. கதையைப் பார்!”

புத்தகத்தை எடுத்து வந்தாள். எழுத முன்னம், பெரிய விசயமில்லை என்கிற மாதிரிக் கேட்டாள். “வடக்குச் சரிவு இப்ப எப்பிடி இருக்கு அங்கிள்?”

வடக்குச் சரிவு என்பது இரண்டு பாறைச் சுவருக்கு நடுவே நேர்கீழே இறங்கும் ஒடுங்கிய பனிப் பள்ளம். முன்பெல்லாம் வருடம் முழுக்க இறுகிக் கிடக்கும். இப்போது கோடையில் பனி இளகி, மேலே ஒட்டியிருந்த கற்கள் கழன்று விழுகின்றன.

“அந்தப் பக்கம் பார்க்கவும் வேண்டாம்,” என்றேன். “தெற்கு முகட்டால போ. சூரியன் இருக்கும், பாறை நல்ல பாறை. ரெண்டு மணிக்கு முன்னம் இஞ்ச நிக்க வேணும், மேகம் வருது.”

‘தெற்கு முகடு. திரும்புவது 14.00’ என்று தமிழில் எழுதிக் கையெழுத்து வைத்தாள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எழுதுகிற பெரிய உருண்டை எழுத்து. அந்தப் புத்தகத்தில் விழுந்த முதல் தமிழ் எழுத்து அது. நான் அதை ரசித்துக்கொண்டு நின்றேனே தவிர, அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டியைப் போட்டுக் கண்ணைக் கட்டிப் படுக்கவைத்தேன். “அங்கிள், பருப்பு வாசம் குடலைப் பிடுங்குது. காலமை திண்ட பாணோட ஏழு மணித்தியாலம் நடந்து வந்தனான்,” என்றாள் படுத்தபடி. “ஆடாமல் கிட. முடிய எழும்பிச் சாப்பிடலாம்,” என்றேன். எழும்பி வந்து மூன்று கோப்பை சோறு சாப்பிட்டாள். ஒரு பிள்ளை அப்படிச் சாப்பிடுவதைப் பார்த்து எத்தனை காலம்! எனக்குப் பிள்ளை இல்லை. ஒன்று இருந்திருக்கலாம் என்று அன்றைக்குத் தோன்றியது, அதை மறைக்க என்ன இருக்கிறது.

விடிய முன்னம் மூன்று மணிக்குத் தேநீர் குடித்துவிட்டுப் புறப்பட்டாள். இரண்டு ரொட்டியை ஒரு பொதியாகச் சுற்றிக் கொடுத்தேன். “தெற்குத்தானே?” என்று கேட்டதற்கு “ஓம் ஓம்” என்று கையைக் காட்டினாள். அவளுடைய நெற்றி விளக்கு எந்தப் பக்கம் திரும்பியது என்று நான் பார்க்கவில்லை. கேத்தல் கழுவிக்கொண்டு நின்றேன்.

இரண்டு மணியாயிற்று. மூன்றும் ஆயிற்று. மேற்கே வெள்ளையாக ஒரு மதில் எழும்பிக்கொண்டிருந்தது. அவள் கட்டிக்கொண்டு போன இடங்காட்டிக் கருவியிலிருந்து சத்தமே இல்லை. நாலேகாலுக்கு வானொலியில் மீட்புக் குழுத் தலைவன் ரேட்டோவைக் கூப்பிட்டேன். ரேட்டோ கீழே பள்ளத்தாக்கில் இருப்பவன். நல்லவன், ஆனால் தேவைக்கு மேல் ஒரு வார்த்தையும் பேசமாட்டான்.

“எனக்கு நாற்பது நிமிடம் இருக்கிறது, பகி,” என்றான். “அதற்குப் பிறகு மேகம் மூடிவிடும், இரண்டு நாளைக்குப் பறக்க முடியாது. ஒரு பக்கம்தான் ஒழுங்காகப் பார்க்கலாம். பிரதியை எழுப்பு.”

பிரதி இருக்கும் பெட்டியைத் திறந்தேன். மற்ற ஆறு பேருக்கும் நான் ஜெர்மனில், தகட்டுக்குக் கீழே உள்ள தாளைப் பார்த்து வாசித்தேன். ‘கண்ணைத் திறக்க வேண்டாம், இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. அதற்கிடையில், நாளைக்கு எந்த வழி?’ அவ்வளவுதான். இவளோடு நான் ஜெர்மனில் ஒரு சொல்லும் கதைத்ததில்லை. திடீரென்று ஜெர்மனில் கேட்டால் சந்தேகப்படுவாள் என்று தமிழில் தொடங்கினேன்.

“பிள்ளை, கண்ணைத் திறவாதை. இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கு.”

“ம்ம்,” என்றது பெட்டி. அவள் குரலேதான். நித்திரைச் சோம்பலோடு.

“சும்மா கேட்கிறன், நாளைக்கு எந்தப் பக்கத்தால போற எண்ணம்?”

கொஞ்சம் தயங்கினாள். பிறகு, “அங்கிள், கோவிக்கமாட்டியள் எண்டால் ஒண்டு சொல்லவே?” என்றாள்.

அந்தக் கேள்வியில் அவள் ஐந்து வயதுப் பிள்ளை மாதிரி இருந்தாள். வெளியே எங்கேயோ ஒரு பனி விளிம்பில் கிடக்கிறாளோ, கிடக்கிற உடம்பில் உயிர் இருக்கிறதோ தெரியாது. இங்கே என்னிடம் கோவிக்கமாட்டீர்களா என்று கேட்கிறாள். இப்படிக் கேட்கிற ஒரு பிள்ளைக்கு எங்கள் வீடுகளில் என்ன சொல்வார்களோ, அது என் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

“கோவிக்கமாட்டன், சொல்லு. பசிக்குதே பிள்ளை? சோறு இறக்கிப்போட்டன்.”

சொல்லி முடித்த அந்தக் கணமே தகடு என் கண்ணில் பட்டது. ஐயோ என்று வாயைப் பொத்தினேன். பொத்தி என்ன பிரயோசனம்? ஒரு நிமிடம் போயிற்று. சுவர் மணிக்கூட்டில் முள் நகர்வதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

“அங்கிள்,” என்றாள். சோம்பல் போய்விட்டிருந்தது. “எனக்குப் பசிக்கேல்லை.”

“சரி, பரவாயில்லை…”

“இப்பத்தான் பருப்பு வாசம் குடலைப் பிடுங்குது எண்டு சொன்னனான். இப்ப வாசமும் இல்லை. குடலும் இல்லை. அவள் திரும்பி வரேல்லையோ?”

அவள் என்றாள். நான் என்று சொல்லவில்லை.

“பிள்ளை, அதெல்லாம் பிறகு கதைப்பம். மேகம் வருது. ஹெலிக்கு நேரமில்லை. எந்தப் பக்கம்? ஏதோ சொல்ல வந்தியே, அதைச் சொல்லு. கெதியாச் சொல்லம்மா!”

“அதோ? அது ஒண்டுமில்லை அங்கிள். பருப்புக்கு இன்னும் கொஞ்சம் உறைப்புப் போடச் சொல்லுவம் எண்டு நினைச்சன்.” குரல் இப்போது மிகவும் அமைதியாக இருந்தது. “புத்தகத்தில எழுதினதுதான். தெற்கு முகடு.”

வானொலியில் ரேட்டோ காத்துக்கொண்டிருந்தான். நான் ‘தெற்கு’ என்றேன். அவன் வழமையாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டான். “பிரதி சுத்தமா?”

தான் பிரதி என்று தெரிந்துகொண்டுவிட்ட பிரதியைக் கெட்டது என்பார்கள். அது சொல்வதை நம்பக் கூடாது என்பது விதி. “கெட்டிருந்தால் சொல்லு,” என்றான் ரேட்டோ. “பாதி நேரம் தெற்கு, பாதி நேரம் வடக்கு என்று பிரித்துப் பார்க்கிறேன். அரைகுறைதான், ஆனாலும் பார்க்கலாம்.”

அந்த இடத்தில் நான் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. இரண்டு மூச்சு விடுகிற நேரம் இருக்கும். கெட்டுவிட்டது என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். விசாரணை வரும், குடில் என் கையை விட்டுப் போகும், பழையபடி ஹோட்டலில் கோப்பை கழுவ வேண்டும். அந்தப் பயம் இருந்தது, இல்லை என்று சொன்னால் நான் மனுசனில்லை. ஆனால் அது மட்டுமல்ல. நான் உண்மையாகவே நினைத்தேன்: அவள்தானே இவள்? தன்னைத்தானே எவளாவது சாகவிடுவாளா? உறைப்புப் போடச் சொல்வதற்கு யாரும் கோவிக்கமாட்டீர்களா என்று கேட்கமாட்டார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு சொல் சொன்னேன்.

“சுத்தம்.”

ஹெலி தெற்கு முகட்டை நாற்பது நிமிடம் தடவிவிட்டு வெறுங்கையோடு இறங்கியது. மேகம் மூடியது. இரண்டு நாள் வாசலுக்கு வெளியே என் கையை நீட்டினால் கை தெரியவில்லை. மூன்றாம் நாள் விடிய வெளித்தது. வடக்குச் சரிவின் நடுவில், பாறை விளிம்பொன்றில் மிதுரா சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கல் விழுந்து தொடை எலும்பு முறிந்திருந்தது. இடங்காட்டி அதே கல்லில் நொறுங்கிவிட்டது. கைமணிக்கூடு நொறுங்கவில்லை. அது அவளுடைய நாடித் துடிப்பைக் கடைசிவரை எழுதி வைத்திருந்தது. நான் ‘சுத்தம்’ என்று சொன்ன பிறகு பதினாறு மணித்தியாலம் அவள் உயிரோடு இருந்திருக்கிறாள்.

ரொட்டிப் பொதி காலியாக இருந்தது என்று ரேட்டோ சொன்னான். அதைக் கேட்டு, சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

விசாரணை என்று ஒன்றும் பெரிதாக நடக்கவில்லை. பிரதி சுத்தம், ஆள் கடைசி நேரத்தில் மனம் மாறி வேறு வழியால் போயிருக்கலாம் என்று எழுதி மூடிவிட்டார்கள். பெட்டியைத் தாய் கேட்டார். கொடுத்தார்கள்.

செப்டம்பர் கடைசியில் குடிலைப் பூட்டிவிட்டு இறங்கினேன். இறங்கிய மறுநாளே அந்தத் தாய் தொலைபேசி எடுத்தார். மிதுராவுக்குக் கடைசியாகச் சோறு போட்ட கை என்னுடையதாம், ஒரு நேரம் அவர்களுடைய வீட்டில் வந்து நான் சாப்பிட வேண்டுமாம். ஏதாவது சாக்குச் சொல்லித் தப்பியிருக்கலாம். வாய் வரவில்லை. போனேன்.

தூன் நகரின் ஓரத்தில் ஐந்தாம் மாடி. தாயின் பெயர் சுபாஜினி. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவராக இருக்கலாம். வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாங்கோ அண்ணை, வாங்கோ,” என்றார். நான் அழுகையை எதிர்பார்த்துப் போனேன். அவர் முகத்தில் அழுகை இல்லை. சுவரில் மிதுராவின் படம் இருந்தது. மாலை போட்டிருக்கவில்லை. விளக்கும் இல்லை. சாப்பாட்டு மேசையில் மூன்று சோற்றுக் கோப்பை வைத்திருந்தது. மூன்றாவது கோப்பைக்கு முன்னால் கதிரையில் தலையணை அடுக்கி, அதன்மேல் அந்தப் பெட்டி. பெட்டியைச் சுற்றி ஒரு கம்பளிச் சால்வை போர்த்தியிருந்தது.

“முப்பத்தொராம் நாள் அந்தியேட்டிக் கிரியை செய் எண்டு என்ர அண்ணன் ஒற்றைக் காலில நிண்டவர்,” என்றார் சுபாஜினி, என் பார்வை போன இடத்தைக் கண்டு. “வாய் ஓயாமல் கதைக்கிற பிள்ளைக்கு முப்பத்தொண்டு எப்பிடிச் செய்யிறது? ஐயரைக் கேட்டன். அவரும் கையை விரிச்சுப்போட்டார். இப்ப அண்ணன் குடும்பம் வாறேல்லை. வராட்டிப் போகட்டும்.”

“வாங்கோ அங்கிள்,” என்றது பெட்டி.

கதிரையின் விளிம்பில் உட்கார்ந்தேன். சுபாஜினி அப்பளம் பொரிக்கக் குசினிக்குள் போனார். எண்ணெய் சீறுகிற சத்தம் கேட்டது. நான் பெட்டியைப் பார்க்காமல் மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்காமல் போவது என்றுதான் வந்திருந்தேன். அதுவும் என்னால் முடியவில்லை.

“ஏன் பிள்ளை?” என்றேன் மெதுவாக.

“நீங்கள் கேட்டிராட்டிச் சொல்லியிருப்பன்,” என்றாள். “வடக்கு எண்டு வாய்வரைக்கும் வந்தது. அதுக்குள்ள பசிக்குதே எண்டு கேட்டீங்கள்.”

“அவள் நீதானே?”

“இல்லை அங்கிள். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு படுத்திருந்தவள். எழும்பிப் போனதுதான் அவள். மூண்டு கோப்பை சோறு திண்டதும் அவள். எனக்கு வாசம் மட்டும்தான். பயந்திட்டன் அங்கிள். ஒரு மணித்தியாலம் எண்டு நீங்கள்தானே சொன்னீங்கள். அதுக்குள்ள அழிச்சுப்போடுவினம் எண்டு.”

எனக்கு அவளை அடிக்க வேண்டும் போல இருந்தது. அடிப்பதற்கு அங்கே என்ன இருந்தது? அடிப்பதென்றால் என் வாயில்தான் அடிக்க வேண்டும்.

“ஒண்டு சொல்லுவீங்களோ?” என்றாள் பிறகு. “அம்மாவுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை, அதால எனக்கும் தெரியாது. அவளுக்கு உடனேயே முடிஞ்சுதோ?”

மூன்று வருடமாக நான் பிரதிகளுக்குப் பொய் சொல்லிப் பழகியவன். உடனேயே முடிந்துவிட்டது, அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று சொல்லியிருக்கலாம். கருணை என்று ஒன்று இருந்தால் அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அந்த விளிம்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்த பிள்ளை ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றபடி ஹெலிச் சத்தத்துக்குக் காது கொடுத்திருப்பாளே என்று நினைத்தேன். மலைக்கு மறுபக்கம் நாற்பது நிமிடம் அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டும் இருக்கும்.

“பதினாறு மணித்தியாலம்,” என்றேன்.

குசினியில் எண்ணெய்ச் சத்தம் நின்றது.

சுபாஜினி அப்பளத் தட்டோடு வந்து, எனக்குச் சோறு போட்டார். பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப் பொரியல். பிறகு மூன்றாவது கோப்பைக்கு முன் அகப்பையோடு நின்று, பெட்டியின் பக்கம் குனிந்தார்.

“பசிக்குதே பிள்ளை?”

“ஓமம்மா. பசிக்குது.”

“பாத்தியளே அண்ணை, தானா வாய் திறந்து கேட்காது. நான்தான் கேட்க வேணும்,” என்றார் என்னைப் பார்த்து. முகம் நிறைந்திருந்தது. கோப்பையில் சோற்றைப் போட்டுப் பருப்பை ஊற்றினார். “ஒவ்வொரு நேரமும் கேட்பன். குளிருதே பிள்ளை?”

“ஓமம்மா.”

சால்வையை இழுத்து இறுக்கிவிட்டார். “எங்கையும் நோகுதோ எண்டு கேட்டால் மட்டும் ஒருநாளும் ஓம் எண்டு சொல்லாது. அந்த மட்டில எனக்கு நிம்மதி.” சொல்லிக்கொண்டே, பழக்கமாகிப்போன சிரிப்போடு அதையும் கேட்டார். “எங்கையும் நோகுதே பிள்ளை?”

நான் சோற்றைப் பிசைவதை நிறுத்தினேன்.

“ஓமம்மா,” என்றாள். “இண்டைக்கு நோகுது.”

சுபாஜினியின் கையிலிருந்த அகப்பை கோப்பையில் தட்டுப்பட்டது. அதை வைத்துவிட்டு, கதிரைக்குப் பக்கத்தில் முழந்தாளிட்டார். “எங்கையம்மா நோகுது? எங்கை எண்டு சொல்லு,” என்று பெட்டியின் நாலு பக்கத்தையும் சால்வைக்கு மேலாகத் தடவிக்கொண்டிருந்தார். எங்கே என்று அவள் சொல்லவில்லை. எனக்குத் தெரியும் என்பதால் நான் குனிந்து என் கோப்பையைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.